நாய் எதைக் கேட்டது? மெழுகு உருளைகளும் அவற்றைக் காக்கும் வேலையும்

பழைய கிராமபோன் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் அந்த நாயைப் பலருக்கும் தெரியும். குழாயின் வாய்க்கு எதிரே தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும். பெயர் நிப்பர். பிரான்சிஸ் பரோட் என்ற ஆங்கில ஓவியர் அதை முதலில் வரைந்தபோது எதிரே இருந்தது கிராமபோன் அல்ல. உருளை சுழலும் ஃபோனோகிராஃப். 1899இல் கிராமபோன் நிறுவனம் படத்தை வாங்கியபோது, தங்கள் இயந்திரத்தைப் படத்தில் காட்ட வேண்டும் என்று கேட்டது. பரோட் பழைய இயந்திரத்தின் மேல் வண்ணம் பூசிப் புதியதை வரைந்து கொடுத்தார்.

படத்துக்கு ஒன்றும் குறைவில்லை. கதைதான் இடிக்கிறது. படத்தின் பெயர் ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’: குழாயில் வரும் தன் எஜமானரின் குரலை நாய் கேட்கிறதாம். கிராமபோன் ஆலையில் அச்சடித்த தட்டை ஓட்ட மட்டுமே தெரிந்த இயந்திரம். அதற்குள் எஜமானரின் குரல் எப்படிப் போயிற்று? எஜமானர் புகழ்பெற்ற பாடகராக இருந்தால்தான் உண்டு. ஃபோனோகிராஃபில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் முன் யாரும் உட்கார்ந்து பேசலாம், கையோடு அதையே ஓட்டிக் கேட்கலாம். பரோட் முதலில் வரைந்ததே சரியான படம்.

கிராமபோன் தட்டையும் மெழுகு உருளையையும் ஒன்றாக்கிப் பேசுவது இன்றும் ஓயவில்லை. ‘எடிசனின் கிராமபோன்’ என்கிறார்கள், ‘மெழுகுத் தட்டு’ என்கிறார்கள். ‘இப்போது லேசர் வைத்து எல்லாவற்றையும் படித்துவிடுகிறார்களாமே’ என்று ஒருவர் கேட்கிறார். ‘கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று, இனி என்ன கவலை’ என்கிறார் இன்னொருவர். எல்லாமே பாதி உண்மை. மீதிப் பாதியை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

சீப்பும் நகமும்

ஒரு சீப்பை எடுத்துப் பற்களின் மேல் நகத்தை இழுத்துப் பாருங்கள். ‘ர்ர்ர்’ என்று சத்தம் வரும். வேகமாக இழுத்தால் சத்தம் மேலே ஏறும், மெதுவாக இழுத்தால் கீழே இறங்கும். பற்கள் நெருக்கமான பக்கத்தில் ஒரு சத்தம், அகலமான பக்கத்தில் வேறு சத்தம். சீப்புக்குள் எந்த ஒலியும் இல்லை. மேடுபள்ளம் மட்டுமே இருக்கிறது. நகம் அதன் மேல் ஏறி இறங்கும்போது ஒலி பிறக்கிறது.

மெழுகு உருளையும் அவ்வளவுதான். நீளம் நான்கேகால் அங்குலம், விட்டம் இரண்டேகால் அங்குலம், நடுவே உள்ளீடற்ற குழாய். கையில் வைத்தால் ஒரு சின்ன டம்ளர் அளவு. அதன் வெளிப்பரப்பைச் சுற்றி, திருகாணியின் மரை போல, ஒரே ஒரு கோடு இடைவிடாமல் ஓடுகிறது. இதை வரிப்பள்ளம் என்று வைத்துக்கொள்வோம்.

பதிவு செய்யும்போது நடப்பது இது. பாடுபவர் குழாயின் அகன்ற வாய்க்குள் பாடுகிறார். குழாயின் மறுமுனையில் மெல்லிய தகடு ஒன்று, மிருதங்கத்தின் தோல் போல, அதிர்கிறது. தகட்டோடு ஒரு கூரிய வெட்டூசி இணைந்திருக்கிறது. உருளை சுழல, ஊசி மெழுகைச் சீவிக்கொண்டே போகிறது. தகடு அதிர்வதற்கேற்ப ஆழமாகவும் மேலாகவும் சீவுகிறது. சீவிய மெழுகு நூலிழையாகச் சுருண்டு விழும். ஓட்டிக் கேட்கும்போது இதே வேலை தலைகீழாக நடக்கிறது. மழுங்கிய முனையுள்ள வேறு ஊசி அந்தப் பள்ளத்தில் ஏறி இறங்குகிறது, தகடு அதிர்கிறது, குழாய் அதைப் பெரிதாக்குகிறது. மின்சாரம் எந்த இடத்திலும் ஒலிக்குள் நுழைவதே இல்லை.

சாதாரண உருளையில் ஓர் அங்குலத்துக்கு 100 வரிகள். நான்கு அங்குலத்துக்கு 400 சுற்று. நிமிடத்துக்கு 160 சுற்று வேகத்தில் ஓட்டினால் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த வரிப்பள்ளத்தைப் பிரித்து நேராக நீட்ட முடிந்தால் ஏறத்தாழ 70 மீட்டர் வரும். ஒரு தெருவின் நீளத்தில் ஒரு தாலாட்டு.

வேகத்தடையும் கொண்டை ஊசி வளைவும்

தட்டுக்கும் உருளைக்கும் வடிவத்தில் மட்டும் வேறுபாடு என்று நினைப்பதுதான் பொதுவான தவறு. ஊசி போகும் வழியே வேறு.

கொல்லிமலைக்கு பஸ்ஸில் போனால் உடம்பு இடமும் வலமுமாகச் சாயும். 70 கொண்டை ஊசி வளைவுகள். ஊருக்குள் வேகத்தடைகள் வரிசையாக இருக்கும் சாலையில் போனால் மேலும் கீழுமாகத் தூக்கிப் போடும். எமில் பெர்லினர் 1887இல் கொண்டுவந்த கிராமபோன் தட்டில் ஊசி கொல்லிமலைப் பயணம் செய்கிறது, பக்கவாட்டில் ஆடுகிறது. எடிசன் வழிவந்த உருளையில் ஊசி வேகத்தடைச் சாலையில் போகிறது, மேலும் கீழும் ஆடுகிறது. ஒலி ஆழத்தில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இனி வரும் எல்லாச் சிக்கலும் புரியும். மேற்பரப்பு சற்றே தேய்ந்தாலும், அரித்தாலும், அழிவது ஒலிதான்.

காலவரிசையையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எடிசன் 1877இல் செய்த முதல் இயந்திரத்தில் மெழுகே இல்லை. உருளையில் சுற்றிய வெள்ளீயத் தாளில் ஊசி குழி பதித்தது. சில முறை ஓட்டினால் தாள் கிழிந்துபோகும். மெழுகைச் சீவுவது என்ற யோசனை சிச்செஸ்டர் பெல், சார்ல்ஸ் சம்னர் டெய்ன்டர் இருவருடையது. 1886இல் காப்புரிமை பெற்றார்கள். எடிசன் 1888இல் முழுக்க மெழுகாலான உருளையோடு திரும்பி வந்தார். 1929 வரை அவர் நிறுவனம் உருளைகளை விடவில்லை.

நம் பக்கத்துப் பழைய பதிவுகளிலும் இந்த வேறுபாடு உண்டு. கிரியர்சன் என்ற மொழியியலாளர் நடத்திய இந்திய மொழி ஆய்வோடு சேர்ந்து 1913 முதல் 1929 வரை பதிவானவை கிராமபோன் தட்டுகள். 1907–08இல் இலங்கையில் வேடர் என்ற பழங்குடியினரைத் தேடிப்போன மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் பதிவு செய்தது ஃபோனோகிராஃப் உருளைகளில். முன்னதை மெழுகு என்பதும் பின்னதைத் தட்டு என்பதும் தவறு.

பெயர் மெழுகு, பொருள் சோப்பு

மெழுகு என்றதும் மெழுகுவத்தி நினைவுக்கு வரும். தேன்மெழுகு நினைவுக்கு வரும். உருளையின் பெரும்பகுதி இரண்டுமே இல்லை. கொழுப்பிலிருந்து கிடைக்கும் ஸ்டியரிக் அமிலத்தை உலோக உப்புகளோடு சேர்த்துக் காய்ச்சிய பொருள் அது. வேதியியலில் அதற்கு உலோகச் சோப்பு என்று பெயர். கொஞ்சம் மெழுகும் கலந்திருக்கும்.

இதை வேதியியல் வகுப்புக்காகச் சொல்லவில்லை. சோப்பு என்று தெரிந்துவிட்டால் அது எப்படிக் கெடும் என்பது வீட்டு அனுபவத்திலிருந்தே தெரிந்துவிடும். வருடக்கணக்கில் பரணில் கிடந்த சோப்புக் கட்டியை எடுத்துப் பாருங்கள். வெடித்திருக்கும். மேலே வெள்ளையாக ஏதோ பூத்திருக்கும். ஈரமான இடத்தில் கிடந்தால் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கும். உருளைக்கும் இதே நோய்கள்.

வெள்ளையாகத் தெரிவது இரண்டு விதம். ஒன்று, பொருளுக்குள்ளிருந்தே கொழுப்பமிலம் மேலே வந்து படிவது. சுவரில் உப்புப் பூப்பது போல. மற்றொன்று பூஞ்சணம், வெளியிலிருந்து வந்து உருளையைத் தின்பது. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும். பூஞ்சணம் தின்ற இடத்தில் குழி விழுகிறது. ஒலியே ஆழத்தில் இருப்பதால் அந்தக் குழியும் ஒலியாகவே கேட்கும்: பாட்டின் மேல் ஓயாத சடசடப்பு, ஓட்டுக்கூரையில் கல்மழை விழுவது போல.

வெப்பம் இன்னொரு பகை. குளிர்ந்த கண்ணாடி டம்ளரில் சுடுநீரை ஊற்றினால் விரிசல் விடுகிறதல்லவா? குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்த உருளையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் சில வகைகளுக்கு அந்தச் சூடே போதும். அதனால் காப்பகங்களில் உருளையை வெளிப்புறம் பிடிப்பதே இல்லை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உருளையின் துளைக்குள் விட்டு, மெல்ல விரித்து, உட்சுவரில் அழுத்தித் தூக்குகிறார்கள். கங்கணத்தை இரண்டு விரலில் மாட்டித் தூக்குவது போல இருக்கும். முதல் நாள் வேலைக்கு வருபவருக்கு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள். முதல் நாள் கை நடுங்குவதும் இதற்குத்தான்.

உருளைகளின் நிறமும் கதை சொல்லும். பால்பழுப்பு முதல் சாக்லேட் நிறம் வரை இருந்தால் பழைய, மென்மையான வகை. நேரில் போய்ப் பதிவு செய்தவை பெரும்பாலும் இதில்தான் இருக்கும். கறுப்பு என்றால் 1902க்குப் பிறகு ஆலையில் வார்த்த கடினமான வகை. நீலம் என்றால் 1912இல் எடிசன் கொண்டுவந்தது: உள்ளே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், மேலே செல்லுலாய்டு. நீலம் எளிதில் உடையாது. ஆனால் உள்ளே உள்ள பிளாஸ்டர் ஈரத்தில் ஊதி, இயந்திரத்தின் உருளைத் தண்டில் நுழைய மறுக்கும்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: உருளையில் ஒலி என்பது சோப்புப் போன்ற ஒரு பொருளில் சீவிய ஆழம். அந்த ஆழத்தைக் கெடுப்பவை ஈரம், பூஞ்சணம், சூடு, கீறல். பட்டியலில் இன்னொன்று பாக்கி.

கேட்பதும் கெடுப்பதும்

ஊசி பள்ளத்தில் ஓடும்போதெல்லாம் பள்ளம் சிறிது தேய்கிறது. மென்மையான பழுப்பு உருளையில், அந்தக் காலத்துக் கனமான ஊசியோடு, தேய்மானம் கொஞ்சநஞ்சம் அல்ல. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் நூலகராக இருந்த லயனல் மேப்பிள்சன் 1901 முதல் 1903 வரை, மேடையில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே உருளைகளில் பதிவு செய்தார். வேறு எங்கும் கேட்கக் கிடைக்காத குரல்கள் அவற்றில் இருக்கின்றன. ஆனால் திரும்பத் திரும்ப ஓட்டியதில் பள்ளம் தேய்ந்து, பாட்டு இரைச்சலுக்குப் பின்னால் போய்விட்டது. நல்ல உருளையைத்தானே திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றும்? தேய்ந்ததும் அதுவே.

பிரதியும் கிடையாது. 1902 வாக்கில் வார்ப்பு முறை வரும்வரை உருளையை மொத்தமாக அச்சடிக்க வழியில்லை. விற்பனைக்குப் பாடியவர்கள் பல இயந்திரங்களை எதிரே அடுக்கிவைத்து, ஒரே பாட்டை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். ஊர் ஊராகப் போய் ஆய்வாளர்கள் பதிவு செய்ததோ ஒரே ஒரு முறை, ஒரே ஒரு உருளை. போதாக்குறைக்கு, பதிவான உருளையை மேலே சீவிவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். பணத் தட்டுப்பாட்டில் இருந்த ஆய்வாளர்கள் சீவியிருக்கிறார்கள். சிலேட்டை அழித்து எழுதுவது போல.

ஆகவே காப்பகத்தில் ஒரு பெட்டி உருளைகள் வந்து இறங்கியதும் யாருக்கும் முதலில் தோன்றும் ஆசை, ஒன்றை எடுத்து ஓட்டிப் பார்ப்போமே என்பது, அங்கே செய்யக் கூடாத வேலை. ஒரு பாட்டை இத்தனை முறைதான் கேட்கலாம் என்று எண்ணிக்கை விதித்த பொருள் அது. அந்த எண்ணிக்கை எத்தனை என்று யாருக்கும் தெரியாது. எனவே ஓட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ளக்கூடிய அனைத்தையும் ஓட்டாமலே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் கணக்கெடுப்பு.

கணக்கெடுப்பு என்றால் எண்ணுவது மட்டுமல்ல

கணக்கெடுப்பு என்ற சொல் அலுவலக வேலை போல ஒலிக்கிறது. என் பார்வையில் இந்த வேலையின் உயிரே அதுதான். இயந்திரம், லேசர், மென்பொருள் எல்லாம் பிற்பாடு.

ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். வட்டமான அட்டை டப்பா, உள்ளே பஞ்சு ஒட்டிய துணி, மேலே தனியாகக் கழன்று வரும் மூடி. மூடியில் பென்சிலால் ஓர் எண். டப்பாவின் பக்கத்தில் ஒட்டிய சீட்டில் வேறொரு எண், பாதி பெயர். உள்ளே மடித்த துண்டுத்தாள். உருளையின் மேல் எதுவுமே எழுதியிருக்காது. பழுப்பு மெழுகில் எழுத இடமும் கிடையாது.

எல்லா இக்கட்டும் இங்கேதான். உருளையின் பெயர், ஊர், பாடியவர், நாள் அனைத்தும் டப்பாவில் இருக்கின்றன, உருளையில் இல்லை. எப்போதோ இரண்டு டப்பாக்களைத் திறந்துவைத்த ஒருவர் மூடியை மாற்றிப் போட்டிருந்தால் போதும், இரண்டு பாட்டும் ஒன்றின் பெயரில் மற்றொன்றாகிவிடும். ஏட்டுச்சுவடிக் கட்டைப் பிரித்து அடுக்கியவர் ஓர் ஓலையை வேறு கட்டில் செருகிவிட்டால் என்ன ஆகுமோ அதே கதி. உடைந்த உருளையை ஒட்டவைக்கவாவது முயலலாம். பெயரற்ற உருளை முழுதாக இருந்தும் ஊமை.

அதனால் கணக்கெடுப்பவர் முதலில் எதையும் ‘சரிசெய்வதில்லை’. மூடி, டப்பா, சீட்டு, துண்டுத்தாள் எல்லாவற்றையும் இருந்தபடியே படம் எடுக்கிறார். எண்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டாலும் எல்லா எண்களையும் எழுதிக்கொள்கிறார். ஆய்வாளர் இட்ட எண், அருங்காட்சியகம் இட்ட எண், பின்னால் நூலகம் இட்ட எண் என்று ஒரே உருளைக்கு மூன்று நான்கு அடுக்கு இருக்கும். எது யார் இட்டது என்று பிரிப்பதே துப்பறியும் வேலை. பிறகு நிறம், அளவு, விரிசல், பூஞ்சணம், மேலே சீவிய தடயம். பள்ளத்தின் மேல் சாய்வாக ஒளி விழச் செய்து பார்த்தால், பதிவு எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது, பாதி உருளை காலியா என்பதுகூடத் தெரியும். ஒரு சொட்டு ஒலியும் கேட்காமலே இத்தனையும்.

அடுத்தது ஆய்வாளரின் குறிப்பேடு. ‘செவ்வாய் மாலை, கிழவி, நடவுப்பாட்டு, இரண்டு உருளை’ என்று குறிப்பேட்டில் இருந்தால், அந்த இரண்டு எவை என்று தேட வேண்டும். பழைய பிரதிகளையும் தேட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முன்பு யாரோ ஒலிநாடாவில் எடுத்த பிரதி எங்காவது கிடக்கலாம். பூஞ்சணம் தின்பதற்கு முன் எடுத்த பிரதி என்றால், இன்று மூலத்தில் இல்லாத ஒலி அதில் இருக்கும். மூலமே உயர்ந்தது, பிரதி மட்டம் என்ற எண்ணம் இங்கே செல்லாது.

கடைசியில் வரிசை. எது முதலில்? ஆலை உருளை என்றால் வேறெங்காவது இன்னொன்று இருக்கும், காத்திருக்கலாம். உலகத்தில் ஒன்றே ஒன்று, அதிலும் பூஞ்சணம் பரவிக்கொண்டிருக்கிறது என்றால் அதுதான் முதலில்.

இஷியின் கதை

எண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். 1911 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஒரு மனிதர் பசியோடு வந்து சேர்ந்தார். யாஹி இனத்தில் உயிரோடு மிஞ்சிய கடைசி ஆள். தம் பெயரைச் சொல்வது அவர் வழக்கமில்லை. ‘மனிதன்’ என்று பொருள்படும் இஷி என்ற சொல்லையே மற்றவர்கள் அவருக்குப் பெயராக வைத்தார்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆல்ஃபிரட் குரோபரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1911 முதல் 1914 வரை இஷியின் குரலைப் பதிவு செய்தார்கள். 148 உருளைகள். மொத்தம் 5 மணி 41 நிமிடம்.

வகுத்துப் பாருங்கள், ஓர் உருளைக்கு இரண்டேகால் நிமிடம். இஷி சொன்ன மர வாத்துக் கதையோ மணிக்கணக்கில் நீள்வது. அவர் சொல்லிக்கொண்டே போக, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லி உருளையை மாற்றியிருக்கிறார்கள். கதை துண்டு துண்டாக டப்பாக்களில் கிடக்கிறது. அந்த மொழியை வீட்டில் பேசி வளர்ந்தவர் இன்று ஒருவரும் இல்லை. டப்பாவின் எண் வரிசை கலைந்தால், இது முதல் துண்டு, இது நடுத்துண்டு என்று காதால் கேட்டுச் சொல்ல ஆளில்லை. இப்படிப்பட்ட இடத்தில் பென்சில் எண் பாட்டுக்குச் சமம்.

வேகம் தப்பினால் சுருதி தப்பும்

சரி, ஓட்டியே ஆக வேண்டும் என்ற நிலை வருகிறது. எந்த வேகத்தில்? ஆலை உருளைகள் ஒரு கட்டத்துக்குப் பிறகு 160 சுற்றில் நிலைத்தன. வெளியில் போய்ப் பதிவு செய்தவர்கள் அப்படியல்ல. சாவி கொடுத்தால் ஓடும் வில்சுருள் இயந்திரம். திருகைத் திருப்பி மெதுவாக்கினால் அதே உருளையில் கூடுதல் நேரம் கிடைக்கும் என்று மெதுவாகவும் ஓட்டினார்கள்.

120 சுற்றில் பதிவானதை 160இல் ஓட்டினால் என்ன ஆகும்? ஒலி மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் மேலே போகும். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும்: பாடகர் ஷட்ஜத்தில் நின்றால் நமக்குச் சுத்த மத்தியமத்தில் கேட்கும். கனமான ஆண்குரல் சிறுவன் குரலாகும். தாளமும் அதே அளவுக்கு ஓடும். தாலாட்டு கும்மியாகிவிடும். அதைக் கேட்டு ‘இந்த மக்கள் உச்சஸ்தாயியில் வேகமாகப் பாடுவார்கள்’ என்று ஒருவர் கட்டுரையும் எழுதிவிடலாம்.

பெர்லினில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். 1900இல் கார்ல் ஸ்டும்ஃப் அங்கே ஓர் ஒலிக் காப்பகத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு நகருக்கு வந்திருந்த சயாம் நாட்டு இசைக்குழுவின் வாசிப்புதான் அதன் முதல் பதிவுகள். பின்னர் அதை நடத்திய எரிக் ஃபான் ஹார்ன்போஸ்டலின் காலத்தில், வெளியூர் போகும் ஆய்வாளர் கையில் ஒரு சின்னச் சுருதிக்குழலையும் கொடுத்து அனுப்பினார்கள். பதிவு தொடங்கும்போது அதை ஒருமுறை ஊத வேண்டும். அது விநாடிக்கு 435 அதிர்வு கொண்ட சுரம். நூறாண்டு கழித்து ஓட்டுபவர் அந்த ஊதலை அளக்கிறார். 580 காட்டினால் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்று பொருள். 435 வரும்வரை குறைத்துவிட்டுப் பாட்டைக் கேட்டால் பாடியவர் பாடிய சுருதியே கிடைக்கும். இத்தனை மலிவான, இத்தனை புத்திசாலித்தனமான ஏற்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

சுருதிக்குழல் ஊதாத உருளைகளுக்கு வேறு தடயங்களைத் தேட வேண்டும்: அறிமுகம் சொல்லும் ஆய்வாளரின் பேச்சுக்குரல், சுருதி தெரிந்த ஒரு கருவி. இல்லாவிட்டால் பல வேகங்களில் வைத்துப் பார்த்து, எந்த வேகத்தில் என்று தெளிவாக எழுதிவைப்பதுதான் நேர்மை.

சுவாமிமலையும் பெர்லினும்

பெர்லின்காரர்கள் பிரதி எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஸ்தபதி முதலில் மெழுகில் உருவம் செய்வார், அதன் மேல் களிமண் பூசுவார், சுடும்போது மெழுகு உருகி ஓடிவிடும்; களிமண்ணுக்குள் உருவத்தின் அச்சு நிற்கும்.

பெர்லினில் களிமண்ணுக்குப் பதில் செம்பு. மெழுகின் மேல் மின்சாரம் பாய்வதற்காகக் கிராஃபைட் தூள் (பென்சில் முனையில் இருப்பது) பூசி, மின்முலாம் முறையில் செம்பைத் தடிப்பாகப் படியவைத்தார்கள். பிறகு உள்ளே இருந்த மெழுகை எடுத்துவிட்டார்கள். மூலம் அத்தோடு அழிந்தது. மிஞ்சியது செப்புக்குழாய், அதன் உட்சுவரில் பள்ளங்கள் மேடுகளாகத் திரும்பி நிற்கும். அதை அச்சாக வைத்துப் புதிய உருளைகளை வார்த்துக்கொள்ளலாம்.

மூலத்தை அழித்துக் காப்பதா என்று இன்று நமக்குத் திடுக்கிடும். ஆனால் செம்பை எந்தப் பூஞ்சணமும் தின்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் தொகுப்பின் பெரும்பகுதி இடம் மாறி, லெனின்கிராட் போய், பிறகு கிழக்கு பெர்லின் வந்து, ஜெர்மனி ஒன்றான பின் 1991இல் பழைய இடம் சேர்ந்தது. இத்தனை அலைச்சலைத் தாங்கியதில் செம்புக்குப் பெரும் பங்கு. 1999இல் யுனெஸ்கோ அந்தத் தொகுப்பை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது.

தொடாமல் கேட்பது

இப்போது ‘லேசர்’ கதைக்கு வருவோம். இன்று மின்னாக்கம், அதாவது ஒலியைக் கணினிக் கோப்பாக மாற்றுவது, இரண்டு வழிகளில் நடக்கிறது.

முதல் வழி பழைய வழியின் நாகரிகமான வடிவம். பிரான்சின் ஆன்ரி ஷமூ உருவாக்கிய ஆர்க்கியோஃபோன் இதற்குப் பெயர்பெற்றது. மின்மோட்டார், நினைத்தபடி மாற்றக்கூடிய வேகம், இறகு போல மிக இலேசாக அமரும் ஊசி. நல்ல நிலையில் உள்ள உருளைக்கு இதுவே போதும். நிறைய உருளைகள் இப்படித்தான் மின்னாக்கம் பெறுகின்றன, லேசரால் அல்ல.

இரண்டாவது வழி, விரிசல் விட்டதையும் பூஞ்சணம் பரவியதையும் ஊசி தொடவே கூடாது என்னும்போது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் துகள் இயற்பியல் செய்துகொண்டிருந்த கார்ல் ஹேபரும் விட்டாலி ஃபதயேவும், தங்கள் அளவீட்டுக் கருவிகளை ஒலிப்பள்ளத்தின் பக்கம் திருப்பினார்கள். ஐரீன் என்று அந்த முறைக்குப் பெயர். நுண்ணோக்கி போன்ற கருவி ஒளிப்புள்ளியால் உருளையின் மேற்பரப்பைத் தடவி, ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் அளக்கிறது. முடிவில் கிடைப்பது ஒலியல்ல, ஒரு மலைத்தொடரின் வரைபடம். அந்த வரைபடத்தில் ஊசி ஓடினால் எப்படி ஏறி இறங்கும் என்று கணினி கணக்கிட்டு ஒலியாக்குகிறது. சீப்பை இழுக்காமல், புகைப்படத்தில் பற்களை எண்ணிச் சத்தத்தைக் கண்டுபிடிப்பது போல.

பெர்க்லியின் மானிடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஏறத்தாழ 2,700 உருளைகளை, இஷியின் குரல் உட்பட, இந்த முறையில் படிக்கும் வேலை நடந்திருக்கிறது. மாயம் ஒன்றும் இல்லை. தேய்ந்துபோன ஆழத்தை ஐரீன் திருப்பித் தராது. பூஞ்சணக் குழியையும் அது ஆழமாகவே அளக்கும்; எது குழி, எது குரல் என்று பிரிப்பது தனி வேலை. ஊசியைவிட மெதுவானதும்கூட. கணினிக் கோப்பாகிவிட்டால் கவலை தீர்ந்தது என்பதும் சரியில்லை. நாளை இதைவிட நல்ல கருவி வரும். அப்போது மூல உருளை இருந்தால்தான் மறுபடி படிக்கலாம். அதனால் மின்னாக்கம் முடிந்த உருளையும் குளிர்ந்த, உலர்ந்த அறைக்கே திரும்பிப் போகிறது.

பாட்டு யாருடையது

1890 மார்ச்சில் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் என்பவர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பாசமாக்குவாடி என்ற பழங்குடி மக்களின் பாட்டையும் கதையையும் உருளைகளில் பதிவு செய்தார். ஆய்வுக்களத்தில் எடுத்த பதிவுகளில் மிகப் பழையவை என்று அறியப்படுபவை இவையே. பின்னாளில் அவை ஹார்வர்டின் அருங்காட்சியகத்திலிருந்து அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு வந்தன. 1979இல் அங்கே தொடங்கிய உருளைத் திட்டம், இத்தகைய தொகுப்புகளைக் கணக்கெடுத்து, பட்டியலிட்டு, பாடியவர்களின் ஊர்களுக்கே ஒலிநாடாப் பிரதிகளை அனுப்பியது.

அனுப்பியபோது தெரியவந்தது, கணக்கெடுப்பில் ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தது. சில பாட்டுகள் சடங்கில் மட்டுமே பாட வேண்டியவை. சில பெண்கள் மட்டும் கேட்க வேண்டியவை. சில குறிப்பிட்ட பருவத்துக்குரியவை. சாமியாடும்போது வரும் வாக்கை யாரோ பதிவு செய்து ஊரெல்லாம் ஒலிபரப்பினால் நமக்கு எப்படி இருக்கும்? பாசமாக்குவாடிப் பதிவுகளில் இன்று எதை எல்லோரும் கேட்கலாம், எது அவர்களுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அந்த மக்களே சொல்கிறார்கள். நூலகத்தின் பட்டியலில் அவர்கள் வைத்த குறிப்பும் சேர்ந்தே நிற்கிறது. பழைய சீட்டுகளில் தவறாக இருந்த பெயர்களும் விளக்கங்களும் அவர்கள் கேட்டுச் சொன்ன பிறகே திருந்தின. மொழி தெரியாத பட்டியலாளர் எத்தனை ஆண்டு உட்கார்ந்தாலும் அதைச் செய்திருக்க முடியாது.

உங்கள் கையில் ஒன்று கிடைத்தால்

பரணிலோ பழைய பொருள் கடையிலோ ஒன்று கிடைப்பது அபூர்வம்தான். கிடைத்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள், பழைய இயந்திரம் கூடவே இருந்தாலும்கூட. வெள்ளைப் பூச்சைத் துணியால் துடைக்காதீர்கள். துணி பூஞ்சணத்தோடு பள்ளத்தையும் சேர்த்துத் தேய்க்கும். வெயிலில் காயவைக்க வேண்டாம். படுக்கவைத்தால் நாளடைவில் உருக்குலையும். குடத்தை வைப்பது போல நிமிர்த்தி வையுங்கள். இரண்டு விரலை உள்ளே விட்டுத் தூக்குங்கள். ஒரே நேரத்தில் ஒரு டப்பாவை மட்டும் திறந்து, அதே மூடியால் மூடிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள். மூடியின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பென்சிலில் ஏதாவது கிறுக்கியிருந்தால், ஒரு எண்ணோ பாதிப் பெயரோ ஆனாலும், முதலில் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.